டயஸிபாம், லோராசிபாம்: எது அதிகம் மறக்கடிக்கிறது?

தூக்க மாத்திரையை நோயாளிக்குக் கொடுத்து நினைவாற்றலைச் சோதித்தால் ஒரு சிக்கல் உண்டு. மறந்தது மாத்திரையாலா, பல நாள் தூங்காததாலா என்று பிரிக்க முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் நோய்நொடி இல்லாதவர்களை அழைத்துச் சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

பதற்றத்தைத் தணிக்கவும் தூக்கத்துக்கும் கொடுக்கும் டயஸிபாமும் லோராசிபாமும் ஒரே மருந்துக் குடும்பம். மூளையை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்கு இரண்டுமே வலுவூட்டுகின்றன. மாத்திரைக்கு முன்பு படித்த சொற்பட்டியல் இரண்டிலும் தப்பிவிடும். விழுங்கிய பின் படித்ததுதான் தங்காது. வேடிக்கை என்னவென்றால், ஏழெட்டு எண்களைச் சொல்லி உடனே திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் தடுமாறாமல் சொல்லிவிடுவார்கள். அரைமணி கழித்துக் கேளுங்கள், விழிப்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஆள் தெளிவாகத்தான் தெரிவார்.

இதுவரை இரண்டும் ஒன்றுதான். சொல்லின் முதல் சில எழுத்துகளைக் கொடுத்து, மனத்தில் தோன்றுவதை நிரப்பச் சொல்லும் சோதனையில்தான் வழி பிரிகிறது. பட்டியலைப் பார்த்ததே நினைவில்லாவிட்டாலும், டயஸிபாம் எடுத்தவர்கள் பெரும்பாலும் அதிலிருந்த சொற்களையே எழுதுகிறார்கள். லோராசிபாம் அந்தத் தடத்தையும் மங்கவைக்கிறது. நினைவைப் பொறுத்தவரை இதுதான் முரட்டு மருந்து என்பேன்.

அரை ஆயுளை, அதாவது இரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை, பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். லோராசிபாமுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம்; டயஸிபாமுக்கு 48 மணி வரை, அது உடலில் சிதைந்து உருவாகும் பொருளுக்கு 100 மணி வரைகூட. ஆனால் ஒரே ஒரு வேளை மருந்தென்றால் கணக்கு தலைகீழ். கொழுப்பில் எளிதாகக் கரையும் டயஸிபாம் மூளைக்குள் விரைந்து நுழைந்து, அதே வேகத்தில் உடற்கொழுப்புக்கு ஒதுங்கிவிடுகிறது. லோராசிபாம் மெதுவாக வந்து நெடுநேரம் தங்குகிறது. தினமும் விழுங்கினால் கதை வேறு. டயஸிபாம் சேர்ந்துகொண்டே போகும், வயதானவர்களுக்கு இன்னும் மோசம்.

எதிர்வினை வேகத்தை இரண்டுமே குறைக்கின்றன. புதிய தலைமுறை மாத்திரையான சோல்பிடெம் இதில் மேல் என்று நினைத்தவர்கள் உண்டு; அதன் அரை ஆயுள் இரண்டரை மணி நேரம்தானே! ஆனாலும் மறுநாள் காலையில் வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து பல பெண்களின் இரத்தத்தில் மிஞ்சியிருந்ததால், 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது.

"எனக்குத் தூக்கமே வரவில்லை, ஓட்டிவிடுவேன்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அயோவா பல்கலைக்கழகத்தின் வண்டியோட்டும் பாவனைக் கருவியில் 40 பேரைச் சோதித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமைக்கு எடுக்கும் டைஃபென்ஹைட்ரமின் வண்டியோட்டும் திறனை மதுவைவிட அதிகமாகக் கெடுத்தது. எவ்வளவு தூக்கக் கலக்கம் என்று அவர்களே சொன்னதை வைத்து, எவ்வளவு மோசமாக ஓட்டுவார்கள் என்று கணிக்க முடியவில்லை.

மறதியையே வேலையாக வாங்கிக்கொள்ளும் இடமும் உண்டு. எண்டோஸ்கோப்பிக்கு முன் ஊசியில் போடும் மிடாசோலம் இதே குடும்பம்தான். குழாய் இறங்கிய அவதி பலருக்கு நினைவிலேயே இருக்காது. முடிந்ததும் மருத்துவர் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டியதும் இருக்காது. துணைக்கு ஆள் இல்லாமல் வராதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.