சினமன் ஸ்வர்ல் பேன்கேக்: விலை கூடின பட்டை தேவையா?

கடையில் பட்டை என்று இரண்டு சரக்கு கிடைக்கிறது. ஒன்று பிரியாணிக்குப் போடும் கேசியா. தடித்து, கறுத்து, ஒரே அடுக்காக வளைந்திருக்கும். மற்றது இலங்கையின் சிலோன் பட்டை. வெளிர் பழுப்பு நிறம், மெல்லிய தோல்கள் பல அடுக்காகச் சுருண்டிருக்கும். 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. விலையும் பல மடங்கு. ஆனால் மாவின் மேல் பட்டை-சர்க்கரைக் கலவையைச் சுழலாகப் பிழிந்து சுடும் சினமன் ஸ்வர்ல் பேன்கேக்குக்கு அந்தக் கூடுதல் காசு வீண்.

அமெரிக்க சினமன் ரோலின் அந்தப் பழகிய ருசியே கேசியாவுடையதுதான். அங்கே விற்பதில் பெரும்பகுதி இந்தோனேசிய கேசியா. அதன் காரம் வெண்ணெயையும் சர்க்கரையையும் மீறி மூக்கில் ஏறும். சிலோனில் கிராம்புச் சாயலுடன் மெல்லிய வாசனை. கஸ்டர்டில் அருமை, சூட்டில் உருகும் சர்க்கரைக்குள் அமுங்கிப் போகும்.

அரைப்பதில் மட்டும் சிலோனுக்கே முழு மதிப்பெண். கையால் நொறுக்கினாலே உதிரும், மிக்ஸியில் மாவாகிவிடும். கேசியாவைச் சிறிய துண்டாக்கி, வெறும் கடாயில் லேசாகச் சூடேற்றி, ஆறியபின் அரைக்க வேண்டும். அப்படியும் நறநறவென்று திப்பி நிற்கும். மாவு சல்லடையில் சலிக்காவிட்டால் சுழலைப் பிழியும் பாட்டிலின் மூக்கை அடைத்துவிடும். பாக்கெட் தூள் வாங்கினால் பேக் செய்த தேதி பாருங்கள். சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தால் சுள்ளென்று இருக்க வேண்டும். மரத்தூள் மாதிரி இருந்தால் எண்ணெய்ச் சத்து பறந்துவிட்டது என்று அர்த்தம்.

சுழலுக்கு 55 கிராம் உருக்கிய வெண்ணெய், 80 கிராம் பிரவுன் சுகர், ஒன்றரை டீஸ்பூன் கேசியாத் தூள், ஒரு டீஸ்பூன் மைதா. நாட்டுச்சர்க்கரையும் சரிவரும், கட்டியில்லாமல் சலித்துப் போடுங்கள். சூடாக இருக்கும்போது வெண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். பத்து நிமிஷம் ஆறவிட்டுக் கலக்கினால் தக்காளி சாஸ் பதம் வரும். கெட்டியாகிவிட்டது என்று பால் ஊற்றாதீர்கள். கேசியாவில் பசைத்தன்மை உண்டு, ஈரம் பட்டால் கொழகொழவென்று ஆகும். பாட்டிலை வெந்நீரில் வைத்து எடுத்தால் போதும். பாட்டில் இல்லையென்றால் ஜிப் கவரின் மூலையை 3 மில்லிமீட்டர் வெட்டிக்கொள்ளலாம்.

மாவுக்கு மைதா 125 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், முட்டை ஒன்று, பால் 180 மில்லி, உருக்கிய வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அடித்து அடித்துக் கலக்கினால் ரப்பராகிவிடும்.

நான்ஸ்டிக் தவா, மிதமான தீக்கும் சற்றுக் கீழே. இரும்புக்கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சர்க்கரை கருகும். கால் கப் மாவு ஊற்றி முக்கால் நிமிஷம் பொறுத்து, பட்டைக் கலவையை நடுவிலிருந்து வெளியே சுழற்றிப் பிழியுங்கள். ஊற்றிய உடனே போட்டால் சுழல் அடிக்கு இறங்கிக் கல்லில் ஒட்டும். மாவு இறுகியபின் போட்டால் திருப்பும்போது கழன்றுவிடும். ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். குமிழ் உடைந்து ஓட்டை மூடாமல் நிற்கும்போது திருப்பலாம். சுழல் இருந்த இடம் பள்ளமாகத்தான் இருக்கும், அது குறையில்லை. மேலே ஊற்றும் கிரீம் சீஸ் கிளேஸ் (இனிப்புப் பூச்சு) போய் நிற்பது அங்கேதான். ஒவ்வொன்றுக்கும் பிறகு டிஷ்யூவால் தவாவைத் துடைக்காவிட்டால் அடுத்ததில் கசப்பு ஏறும்.

தினமும் செய்கிற வீடாக இருந்தால் கணக்கு மாறும். கேசியாவில் கூமரின் என்ற இயற்கை வாசனைப் பொருள் அதிகம். நெடுநாள் கூடுதலாகச் சேர்ந்தால் ஈரலுக்கு ஆகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு, கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம். குழந்தைகளின் எடைக்கு அது சீக்கிரம் எட்டிவிடும். சிலோனில் கூமரின் மிகச் சொற்பம். அந்த வீட்டுக்கு அதையே வாங்கி, தூளை இரண்டரை டீஸ்பூனாக ஏற்றிக்கொள்ளுங்கள்.