ஸ்பிரிட் பாலிஷா, பி.யூ.வா: பழைய தேக்குச் சாமானுக்கு எது?

பரணிலிருந்து தாத்தாவின் சாய்வு நாற்காலியை இறக்கி வைத்ததும், வேறு வேலையாக வந்திருந்த தச்சர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல தேக்கு சார். பி.யூ. அடிச்சு விட்ருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். பி.யூ. என்பது பாலியூரித்தேன், மரத்தின் மேல் கெட்டிப் படலமாக இறுகும் பூச்சு. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டுமா என்பதுதான் என் சந்தேகம்.

எதை அடிப்பது என்பதற்கு முன்னால், ஏற்கெனவே என்ன அடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கைப்பிடியின் அடிப்பக்கம் தேய்த்தேன். இரண்டு நிமிடத்தில் பஞ்சு காப்பிக் கலரில் பிசுபிசுத்தது. அப்படியானால் அது அரக்கு, அதாவது பழைய ஸ்பிரிட் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லேக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் வார்னிஷாகவோ பி.யூ.வாகவோ இருக்கும். பழைய எனாமல் பெயின்ட் என்றால் மட்டும் உப்புத்தாளை உலர்வாகப் போடாதீர்கள். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தத் தூசியைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்க விட முடியாது.

ஸ்பிரிட் பாலிஷுக்கு வேண்டிய அவலரக்கு, அவல் மாதிரியே சீவல் சீவலாக இருக்கும். லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் போட்டு ஓர் இரவு ஊறவைத்தால் மெல்லிய பூச்சுக்குச் சரி. 240 கிராம் போட்டால் கெட்டி. பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, தொட்டுத் தொட்டு இழுக்க வேண்டும். இழுக்கும் கை நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு தழும்பாகிவிடும். பொறுமையில்லாதவர்களுக்கான வேலை இல்லை. ஐப்பசி அடைமழையில் தொடவே வேண்டாம், ஈரம் ஏறி வெளுத்துப்போகும்.

வந்து சேரும் நிறத்துக்காக இத்தனையும் தாங்கலாம். தேக்கின் ரேகை உள்ளிருந்து எழும்பி வருவது போலத் தெரியும். பலவீனமும் உண்டு: எங்கள் சாப்பாட்டு மேசைக்கும் இதையே போட்டேன், சுடச்சுட வைத்த டபரா முதல் வாரத்திலேயே வெள்ளை வளையம் போட்டுவிட்டது. ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒற்றி ஒற்றி எடுத்ததில் வளையம் மறைந்தது. புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடுவதால் பத்து வருஷம் கழித்தும் இதைத் தொட்டுச் சரிசெய்யலாம்.

பி.யூ. அங்கேதான் எதிர்ப்பக்கம். சூடான டபரா, சாம்பார்த் துளி, ஈரத்துணி எதையும் சட்டை செய்யாது. இரண்டு டப்பா வகையில் ஹார்டனர் கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், மிச்சம் டப்பாவிலேயே இறுகிப்போகும். முகமூடியும் திறந்த ஜன்னலும் இல்லாமல் அடிக்காதீர்கள். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் தனியாகத் தெரியும். பெரும்பாலும் முழுப் பலகையையும் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டிவரும். மெழுகு நீக்காத பழைய அரக்கின் மேல் நேராக பி.யூ. அடித்தால் சரியாகப் பிடிக்காது. உறவினர் வீட்டு பீரோக் கதவில் அது வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி உரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழி ஆளிவிதை எண்ணெய். தடவுவது சுலபம், காய்வதுதான் தவம். தேங்காய் எண்ணெயை அதற்குப் பதிலாகப் போடுகிறவர்கள் உண்டு. அது காயவே காயாது, தூசியைத்தான் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

ஆகவே நாற்காலிக்கு ஸ்பிரிட் பாலிஷ்தான். அதில் சாய்ந்து பேப்பர் படிப்பார்கள், சாம்பார் ஊற்ற மாட்டார்கள். சாப்பாட்டு மேசையை அடுத்த கோடையில் சுரண்டிவிட்டு பி.யூ. அடிக்கப்போகிறேன்; தச்சருக்கு அப்போது சொல்லி அனுப்பலாம். கூடத்து ஊஞ்சல் பலகை மட்டும் தீர்மானமாகவில்லை. எதைப் போட்டாலும் நாலு நாள் யாரும் உட்காரக்கூடாது என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.