நாய் மெத்தை நல்லதுதான், உறையைக் கழற்றி மாட்டுவதுதான் பெரும்பாடு

எங்கள் நாய் மீனு படுக்கும் ஃபோம் மெத்தையின் விலை பாதியாகக் குறைந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று கீழ்வீட்டுத் தம்பி கேட்கிறான். புளூ கிராஸ் விலங்குக் காப்பகத்திலிருந்து ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வந்திருக்கிறான். நானோ இந்த வாரம்தான் அதே மெத்தையின் உறைக்கு டெய்லரிடம் ஜிப் மாற்றி வாங்கி வந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும்.

ஃபோம் அருமை. 4 அங்குலக் கனம். மீனு லாப்ரடார் கலப்பு, கனத்த உடம்பு. தினமும் ஒரே மூலையில்தான் சுருண்டு படுப்பாள். அந்த மூலைகூட இன்னும் அமுங்கவில்லை, கையால் அழுத்திப் பார்த்தால் தரை தட்டவில்லை. இதற்கு முன்பு இருந்த ரெக்ரான் பஞ்சு மெத்தையை மெஷினில் போட்டு எடுத்தால் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டு, நடுவில் வெறும் துணிதான் மிஞ்சும். வயதான பெரிய நாய் வெறும் தரையில் படுத்தே கிடந்தால் முழங்கையில் முடி உதிர்ந்து தோல் காய்த்துப்போகும். மீனுவுக்கும் காய்த்திருந்தது. இந்த மெத்தை வந்த பிறகு காய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாக மிருதுவானது. காலையில் எழும்போது பின்னங்காலை இழுப்பதும் குறைந்தது. மூட்டுக்கு மாத்திரையும் கொடுக்கிறோம், எல்லாப் பெருமையையும் மெத்தைக்கே தர முடியாது. ஆனாலும் அவள் விரும்பிப் போய்ப் படுக்கிறாள். எனக்கு அது பெரிய விஷயம்.

சரி, இப்போது ஜிப்புக்கு வருகிறேன்.

மெத்தை 36க்கு 27 அங்குலம். உறையைக் கழற்றித் துவைக்கலாம் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஜிப் எங்கே இருக்கிறது? 27 அங்குலப் பக்கத்தில் மட்டும். அதுவும் முழு நீளத்துக்கு இல்லை, இரண்டு ஓரத்திலும் விரற்கடை விரற்கடையாக விட்டுத் தைத்திருக்கிறார்கள். வெளியே எடுப்பதாவது பரவாயில்லை. துவைத்து உலர்ந்த பிறகு உள்ளே போடும்போதுதான் உயிர் போகிறது. தலையணை உறைக்குள் மெத்தையைத் திணிக்கிற மாதிரி. ஃபோமை மடித்து, முழங்காலால் அமுக்கி, கையைத் தோள்வரை உள்ளே விட்டு, எதிர் மூலையைத் தேடிப் பிடித்து இழுக்க வேண்டும். வெளி உறைக்குள் ஒரு வாட்டர்ப்ரூஃப் உறை வேறு தனியாக இருக்கிறது. அதற்கும் இதே அளவு வாய்தான். அதன் உள்பக்கப் பூச்சு ஃபோமில் ஒட்டிக்கொண்டு நகரவே நகராது. ஆக, முழுசாகத் துவைக்கிற நாளில் இந்த மல்லுக்கட்டு இரண்டு தடவை.

மாதத்துக்கு ஒருமுறை துவைக்கிற வீடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மீனுவுக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆபரேஷன் ஆன பெட்டை நாய்கள் சிலவற்றுக்கு வயதாகும்போது தூக்கத்தில் தன்னையறியாமல் சிறுநீர் கசியும். அது அவள் குற்றமா? எழுந்ததும் ஈரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய் நிற்கிறவளைப் பார்த்தால் வயிறு கலங்கும். நல்ல மருந்து இருக்கிறது, கொடுக்கிறோம், கசிவு குறைந்திருக்கிறது. நிற்கவில்லை. அதனால் எங்கள் வீட்டில் உறை அடிக்கடி துவைபட்டே ஆக வேண்டும்.

துவைப்பதில் எனக்குப் பழகிவிட்ட முறை இதுதான். முதலில் காய்ந்த உறையிலேயே ரப்பர் கையுறை போட்டு ஒரே திசையில் தேய்த்து முடியை எடுத்துவிட வேண்டும். நனைந்துவிட்டால் முடி துணியோடு பின்னிக்கொள்ளும், மிச்சம் மெஷினின் ஃபில்டரில் போய் அடைக்கும். சிறுநீர் பட்ட இடத்தைப் பச்சைத் தண்ணீரில் அலசி, என்ஸைம் உள்ள லிக்விட் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊற விடுவேன். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் விஷப் புகை கிளம்பும். ஃபினாயிலும் வேண்டாம், நாய் முகத்தைப் புதைத்துப் படுக்கிற இடம், நக்குகிற இடம் அது. அலமாரியில் மெத்தையை வைக்கும்போது நாஃப்தலின் உருண்டையும் போடக் கூடாது, நாய்க்கு அது நஞ்சு. வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனரையும் நிறுத்திவிட்டேன். அது இழைமேல் படிந்து துணி ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கிறது.

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். கடின நீரில் சோப்பு சரியாக நுரைக்காமல் திப்பியாகத் துணியில் தங்கிவிடும். உலர்ந்ததும் உறை மொடமொடவென்று நிற்கும், நாய்க்கு வயிற்றுப் பக்கம் அரிக்கும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

வெளி உறையை 30 டிகிரியில் துவைக்கச் சொல்லி லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். நான் 60 டிகிரியில்தான் போடுகிறேன். இங்கே நாய் வளர்க்கிறவர்களுக்கு உண்ணித் தொல்லையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். ரத்தம் குடித்து உப்பிய பெட்டை உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்களுக்கு எர்லிக்கியா காய்ச்சலைப் பரப்புவதும் இதுதான். பச்சைத் தண்ணீரில் அலசினால் இவை சாகிற சாதி இல்லை. ஜிப்பை மறைக்க வைத்திருக்கும் துணி மடிப்புக்குள் குட்டி உண்ணிகள் பதுங்கி இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இத்தனை சூட்டிலும் உறை சாயம் போகவில்லை, சுருங்கவில்லை. அந்தத் துணியைத் தேர்ந்தெடுத்தவருக்கு என் வணக்கம்.

வாட்டர்ப்ரூஃப் உறையை மட்டும் மெஷினில் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் அதற்குள் குளம் கட்டிக்கொள்ளும், ஸ்பின் வேகம் எடுக்கும்போது ட்ரம் எடை சமமில்லாமல் தூக்கி அடிக்கும். மெஷினோடு வரும் புத்தகங்களிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். பாத்ரூமில் விரித்து லிக்விட் போட்டுத் துடைத்து அலசினால் போதும். சூடு பட்டால் அதன் பூச்சு உரியத் தொடங்கும், ஆகவே நிழலில்தான் உலர்த்த வேண்டும். ஃபோமையும் நனைக்கவே கூடாது. தண்ணீர் குடித்துவிட்டால் உள்ளே உலராமல் பூஞ்சை பிடிக்கும். மொட்டை மாடியில் கத்திரி வெயிலில் நாள் முழுக்கப் போடுவதும் தப்பு, மேல் பரப்பு மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிரும். காற்றோட்டமான நிழலில் சுவரில் சாய்த்து நிறுத்தினால் சரி.

மே மாதத்தில் கொடியில் போட்ட உறை ஒரு பாட்டம் வேலை முடிவதற்குள் உலர்ந்துவிடும். அந்த மாதம் மீனு மெத்தைப் பக்கம் அதிகம் வரவும் மாட்டாள், டைல்ஸில்தான் கிடப்பாள். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும்தான் கஷ்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் கரன்ட் இல்லை, வெளியே தண்ணீர், வீட்டுக்குள் ஈர உறையின் நாற்றம். அப்போதே இன்னொரு உறை வாங்கி வைக்க வேண்டும் என்று விசாரித்தேன். உறையைத் தனியாக விற்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரே உறை, அதுவும் கழற்றி மாட்ட வராத உறை. நாய் மெத்தை செய்கிறவர்கள் ஒரு மழைக்காலத்தையாவது யோசித்துப் பார்க்க வேண்டாமா?

கடைசியில் ஜிப் விட்டுக்கொடுத்தது. ஃபோமைத் திணிக்கும் இழுப்பு முழுக்க அதன் கடைசிப் பற்களில்தான் விழுகிறது. உப்புத் தண்ணீரில் ரன்னர் பூத்துப்போய் இறுகியது. மெழுகு தேய்த்துத் தேய்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் பல் விலகி, ரன்னர் கையோடு வந்துவிட்டது. வாரன்டி ஃபோமுக்கு மட்டும்தானாம். கெட்டுப்போகாத பொருளுக்கு வாரன்டி, கெட்டுப்போகிற பொருளுக்கு இல்லை!

டெய்லர் அண்ணன் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “இதை மூணு பக்கமும் திறக்கிற மாதிரி தச்சிருந்தா அவங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?” அப்படியே தைத்தும் கொடுத்தார். ஒரு நீளப் பக்கம், இரண்டு அகலப் பக்கம், மொத்தம் 90 அங்குலம். இரண்டரை மீட்டர் நைலான் ஜிப், இரண்டு ரன்னர். இப்போது உறை புத்தக அட்டை போல விரிகிறது, ஃபோமை அப்படியே வைத்து மூடிவிடலாம். என் தோளும் தப்பித்தது.

அப்படியானால் பாதி விலைக்கு வாங்கலாமா என்றால், வேண்டாம். ஃபோமைப் பற்றி அவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது உங்களுக்கு வினோதமாகத் தெரியலாம். கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றித் துவைக்கலாம் என்று எழுதி விற்றுவிட்டுக் கழற்றி மாட்ட முடியாமல் தைத்தவர்களுக்கு நான் ஆள் சேர்த்துவிட மாட்டேன். அந்தக் குட்டிக்கு இப்போது ஃபோமே ஆகாது. பல் முளைக்கிற வயதில் கடித்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். பழைய காட்டன் புடவைகளை நாலாக மடித்து ஓரம் அடித்துப் போட்டால் போதும், தினமும் துவைக்கலாம்.

வயதான நாய் வைத்திருப்பவர்கள் ஃபோம் கடையில் 40 டென்சிட்டியில் (ஃபோமின் அடர்த்தியைச் சொல்லும் எண்) 4 அங்குல ஷீட்டை உங்கள் நாயின் அளவுக்கு வெட்டி வாங்குங்கள். ஒரு வாட்டர்ப்ரூஃப் உறை, கெட்டிக் காட்டனில் இரண்டு வெளி உறை, எல்லாவற்றுக்கும் மூன்று பக்க ஜிப் என்று டெய்லரிடம் சொல்லிவிடுங்கள். காட்டன் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள், முதல் துவைப்பில் சுருங்கும்.