“ஏற்காட்டு துரை பங்களா டூல் கிட்” என்று யாராவது விரித்துக் காட்டினால் உஷார்! எனக்குப் போனது 18,500 ரூபாய்

போன ஞாயிறு வாங்கினேன், செவ்வாய்க்கிழமை குட்டு உடைந்தது, இன்று வெள்ளி. இன்னும் வயிறு எரிகிறது. 18,500 ரூபாய். சேலத்தில் பழம்பொருள் விற்கிற ஒரு கடை, அவ்வளவுதான் சொல்வேன். பெயரைப் போட்டு வம்பை இழுக்காதே என்று வீட்டில் சத்தியம் வாங்கிவிட்டார்கள்.

தாத்தாவின் 1950 மாரிஸ் மைனர் காரை மூன்று வருஷமாகச் சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன். வண்டியோடு கம்பெனி கொடுத்த டூல் கிட் மட்டும் இல்லை. எந்தக் காலத்திலோ எடைக்குப் போயிருக்கும். அதைத் தேடுகிறேன் என்று கேள்விப்பட்டு அந்தக் கடைக்காரரே போன் செய்தார்.

போனதும் காபி. எஸ்டேட் காபி தம்பி, வாசனை பாருங்க என்றார். அப்புறம் உள்ளே போய் ஒரு கான்வாஸ் சுருளை எடுத்து வந்தார். முழுசாக விரிக்கவில்லை. ஓரத்திலிருந்து ஒரே ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை உருவி என் கையில் வைத்தார். கிங் டிக்! பர்மிங்காம் சாமான், ஒரு புல்டாக் நாயின் பெயரை வைத்த பிராண்டு. அசல்தான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. அதைப் பார்த்த பிறகு மற்றதை யார் உற்றுப் பார்ப்பார்கள்? ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரையின் ஷெட்டில், அவருடைய மைனரோடு கிடந்தது என்று ஒரு கதை வேறு.

நான் தயங்கினேன். அப்போது அந்த ஆள் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது. “காசு இருக்கட்டும் தம்பி. எடுத்துட்டுப் போய் வண்டிக்குப் போட்டுப் பாருங்க. சரியா இருந்தா கொடுங்க.” இப்படிச் சொல்கிறவரைச் சந்தேகப்படுவதா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. அங்கேயே நின்று ஜிபே-யில் 18,500 அனுப்பினேன். பில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முகம் மாறியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை கார் ரிப்பேர் பார்க்கிற மேஸ்திரி வந்தார். ஒரு ஸ்பேனரை எஞ்சின் நட்டில் மாட்டி ஒரு ஆட்டு ஆட்டினார். லொடலொட. “தம்பி, இது இந்த வண்டிச் சாமானே இல்லை” என்றார்.

விஷயம் இதுதான். அந்தக் கால இங்கிலாந்து வண்டிகளில் விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் நட்டு-போல்ட்டு அளவு. விட்வொர்த் ஸ்பேனரில் அடித்திருக்கும் எண் வாயின் அகலம் இல்லை, போல்ட்டுத் தண்டின் கனம். 1/4 W என்று போட்டிருந்தால் வாய் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லி. பின்னால் வந்த ஏ.எஃப். (அக்ராஸ் ஃப்ளாட்ஸ்) ஸ்பேனரில் எண்ணே அங்குலக் கணக்கில் வாயின் அகலம்தான். இங்கிலாந்தும் அமெரிக்காவும் கனடாவும் பொது மரை அளவுக்கு ஒத்துக்கொண்டதே 1948-இல். அதற்கப்புறம்தான் அங்கத்திய வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக ஏ.எஃப். பக்கம் போயின. என் வண்டி நட்டு 13.3 மில்லி. அதற்கு 1/2 ஏ.எஃப். ஏறவே ஏறாது, 12.7 தான். 9/16 ஏ.எஃப். போட்டால் ஒரு மில்லி லூஸ், நட்டு முனை மழுங்கிவிடும். சுருளில் இருந்த ஸ்பேனர் ஆறு. நாலு ஏ.எஃப்., இரண்டு நேரடியாக மில்லிமீட்டர்!

வெயிலில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஸ்பேனரின் நடுவில் எழுத்தை கிரைண்டர் போட்டுத் தேய்த்த தடம். ஒன்றில் ‘இந்தியா’வின் கடைசி எழுத்து பாதி நிற்கிறது. துரைக்கு, பஞ்சாபில் ஸ்பேனர் செய்கிற ஜலந்தரிலிருந்து பார்சல் வந்திருக்கும் போல. துருவும் எல்லாவற்றிலும் ஒரே நிறம், ஒரே கனம். விரலால் தேய்த்தால் பொடியாக வருகிறது.

உடனே போன் செய்தேன். முதல் நாள், “மலைக்கு மேல இருக்கேன், டவர் இல்லை.” மறுநாள் கடைப் பையன், “அண்ணன் சந்தைக்குப் போயிட்டாருங்க.” நேற்று நேரில் போனேன். “பழைய சாமானுக்கு கேரண்டி எங்க தம்பி இருக்கு? நான்தான் போட்டுப் பார்த்துட்டுக் காசு கொடுங்கன்னு சொன்னேனே!” அவர் வார்த்தையாலேயே என்னை அடித்தார். கடைசியில் 18,500-க்குப் பதிலாக ஒரு பித்தளைக் குத்துவிளக்கு எடுத்துக்கோ என்கிறார். விளக்கை வைத்து நட்டுக் கழட்டவா?

அசல் டூலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. வெர்னியர் அளவுகோல் கொண்டு போங்கள், ஸ்பேனர் வாயை அளந்து பாருங்கள். 1950 வண்டிக்கு ஏ.எஃப். என்றோ மில்லி என்றோ இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சுருளை முழுசாக விரிக்கச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள். காபி குடிக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். பில் இருக்கா என்றுதான் முதலில் கேட்டார்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

இப்போது மணி ஒன்பதரை. கடை பத்துக்குத் திறக்கும், மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். சுருளை வண்டியில் வைத்தாயிற்று. கிங் டிக்கை மட்டும் எடுத்து வீட்டு பீரோவில் பூட்டிவிட்டேன்.