கிரிஸ்டலா, ஏடி கல்லா? நகையைத் திருப்பிப் பாருங்கள்

தங்கையின் கல்யாண வரவேற்புக்குக் கருநீலப் பட்டு எடுத்திருந்தேன். அந்த நிறத்தில் தங்கம் எடுபடவில்லை, வைரம் வாங்க வசதியில்லை. மிஞ்சியது இரண்டு வழிதான். ஒன்று, வெள்ளியில் பதித்த ஏடி கல் செட். இன்னொன்று, ஸ்வரோவ்ஸ்கி கிரிஸ்டல் நெக்லஸும் தோடும். இரண்டு கடை ஏறி இறங்கி, கிரிஸ்டலை வாங்கினேன். அன்றைக்கு ஒரு கிராம் தங்கம் விற்ற விலையைவிடக் கொஞ்சம்தான் கூட. மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்குக் கேட்டாலும் அதையே வாங்குவேன். ஆனால் அது எல்லோருக்கும் சரிவராது.

இந்தக் கிரிஸ்டல் கண்ணாடிதான். பூஜையறையில் இருக்கும் ஸ்படிக மாலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது பூமியில் விளைந்த கல். ஆஸ்திரியாவில் வாட்டென்ஸ் என்ற ஊரில் 1895இல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி தொடங்கிய தொழில் இது. கண்ணாடியை இயந்திரத்தால் துல்லியமாகப் பட்டை தீட்டியதுதான் அவருடைய சாமர்த்தியம். ஏடி கல், அதாவது அமெரிக்கன் டைமண்ட், க்யூபிக் சிர்கோனியா என்ற செயற்கைக் கல். 1970களில் சந்தைக்கு வந்தது. நம் திருச்சிப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியே பல குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன.

மறுவிற்பனை பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஏடி செட்டைக் கொண்டுபோனால் கல்லின் எடையைக் கழித்துவிட்டு வெள்ளிக்குக் காசு கொடுப்பார்கள். கிரிஸ்டலுக்கு எதுவும் கிடைக்காது. பணம் திரும்பி வரவேண்டும் என்றால் தங்கக் காசு வாங்குங்கள்.

எனக்குக் கிரிஸ்டல் பிடித்ததற்குக் காரணம் நிறம். வெள்ளை ஏடி கல் பெரிய செட்டாக வரும்போது, எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் வைரத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கத் தோன்றுகிறது. கிரிஸ்டலைப் பார்த்து அது வைரமா என்று யாரும் கேட்பதில்லை. 1956இல் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனத்தார் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோருடன் சேர்ந்து அரோரா போரியாலிஸ் என்று ஒரு மேற்பூச்சைக் கொண்டுவந்தார்கள். கழுத்தைத் திருப்பத் திருப்ப நீலம், பச்சை, ஊதா என்று மாறும். என் நெக்லஸில் அந்தப் பூச்சுதான். மண்டப விளக்கு வெளிச்சத்தில் புடவையின் நீலம் கல்லில் இறங்கி நின்றதை இன்றைக்கும் போட்டோவில் பார்த்து ரசிக்கிறேன்.

சரி, இனி முக்கியமான விஷயம். கடையில் எல்லோரும் நகையின் முகத்தைப் பார்க்கிறோம். திருப்பிப் பார்ப்பதில்லை. எந்த நகை யாருக்கு ஒத்துவரும் என்பது கல்லின் முதுகில்தான் இருக்கிறது.

உள்ளே புகுந்த ஒளியை வளைத்து முன்பக்கமே திருப்பி அனுப்பும் திறன் ஏடி கல்லுக்கு அதிகம். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42 என்றால், இதற்கு 2.15 அளவில் இருக்கும். அதனால் பின்பக்கத்தைத் திறந்தபடியே விடலாம், நம் ஊரில் ஓப்பன் செட்டிங் என்பார்களே, அதுபோல. கண்ணாடிக்கு அந்த எண் இன்னும் குறைவு. ஒளி பின்வழியாக நழுவிவிடும். அதைத் தடுக்கத்தான் பல கிரிஸ்டல் கற்களின் முதுகில் ரசம் பூசுகிறார்கள். அந்த ரசத்துக்கு எதிரி வியர்வையும் தண்ணீரும்.

இது நமக்குப் புதிதல்ல. அப்பத்தாவின் கெம்புக்கல் அட்டிகையும் இதே கதைதான். கல்லுக்கு அடியில் தகடு, அதற்கு அடியில் அரக்கு. அப்பத்தா அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிட்டதில்லை. நான் அதை மறந்துபோய், முன்பு ஒரு கடையில் மலிவாக வாங்கிய ரசம் பூசிய கல் ஜிமிக்கியைச் சித்திரை வெயிலில் தினமும் அலுவலகத்துக்குப் போட்டுப்போனேன். ராத்திரி சோப்புத் தண்ணீரில் அலசி வைத்தேன். ஆடி பிறப்பதற்குள் நாலு கல் கறுத்துவிட்டது. பத்தரிடம் காட்டினால், கல்லையே மாற்ற வேண்டும், இந்த அளவில் என்னிடம் இல்லை என்றார்.

அதனால் நெக்லஸுக்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பவுடர், சென்ட், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் முடிந்த பிறகுதான் அதைப் போடுவேன். வீடு திரும்பியதும் முதலில் அதைத்தான் கழற்றுவேன். தூசி இருந்தால் ஊதிவிட்டுத்தான் துடைப்பேன், ஏனென்றால் தூசியில் இருக்கும் மணல் துகளின் கடினம் மோஸ் அளவில் 7, கண்ணாடி 6ஐத் தாண்டாது, அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். ஏடி கல் 8க்கு மேல். அதைப் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவினாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளி கறுத்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்.

மூன்று வருடத்தில் ஏழெட்டு விசேஷத்துக்குப் போட்டிருப்பேன், ஒரு கல் மங்கவில்லை. உலோகத்தின் மேல் இருக்கும் ரோடியம் பூச்சு பத்து வருடம் தாங்குமா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. அந்தப் பூச்சில் நெக்லஸைவிடத் தோட்டில்தான் லேசாக மங்கல் தெரிகிறது.

போன மாதம் அக்கா மகள் கல்லூரிக்குப் போட்டுப்போகக் கல் தோடு கேட்டாள். யோசிக்காமல் வெள்ளியில் ஏடி கல்தான் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் வியர்த்து, தோட்டோடு தூங்கி எழும் பெண்ணுக்குக் கிரிஸ்டல் வேண்டாம். வருடத்துக்கு நாலு முறை ஆசையாகப் பெட்டியைத் திறப்பவர்களுக்கு அதுதான் வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்வரோவ்ஸ்கி கடையிலேயே சிர்கோனியா பதித்த நகைகளும் இருக்கின்றன, வெள்ளைக் கல்லில் குறிப்பாக. பெயரை மட்டும் பார்த்துக் கிரிஸ்டல் என்று எடுத்துவிடாதீர்கள். விவரச்சீட்டில் எந்தக் கல் என்று போட்டிருக்கும்.