ஆறடி ஓவியத்துக்குக் கண்ணாடியா, அக்ரிலிக்கா, ஒன்றுமே வேண்டாமா?

மட்டக்களப்பில் பெரிதாக வரையும் பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படித்தவர்களிடம் பேசினால், வரைவதைவிட அதற்குப் பிரேம் போடுவதுதான் தலையிடி என்பார்கள். நம் பிரேம் கடைகளின் கை கலியாணப் படத்துக்கும் சாமிப் படத்துக்கும் பழகியது. அதே முறையை ஆறடிக்கு நாலடி ஓவியத்துக்கும் கையாண்டால் நிற்காது.

பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது கண்ணாடிதான். விலை குறைவு, கீறல் விழாது, துடைப்பதும் சுலபம். ஆனால் பாரத்தைப் பாருங்கள். 3 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோ. இந்த அளவுக்கு ஏறக்குறைய 17 கிலோ வரும். அந்தத் தடிப்பில் இவ்வளவு பெரிய துண்டு தூக்கும்போதே வளையும். 4 மி.மீ. போட்டால் 22 கிலோவைத் தாண்டும். பிளாஸ்டிக் சட்டம் என்றால் 45 பாகையில் வெட்டி ஒட்டிய மூலைகள் சில மாதத்தில் வாய் திறக்கும். தேக்கு, மஹோகனி போன்ற மரத்தில் அகலச் சட்டம் போட வேண்டும். அதன் பாரம் வேறு. லொறியில் நிமிர்த்தி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் ஒரு பள்ளமே போதும், நடுவில் வெடிக்கும்.

அக்ரிலிக் தகடு, அதாவது பெயர்ப்பலகைக்காரர் பேர்ஸ்பெக்ஸ் என்பது, 3 மி.மீ. தடிப்பில் இந்த அளவுக்கு 8 கிலோதான். விழுந்தாலும் சிதறாது. பாடசாலை மண்டபம், ஆஸ்பத்திரி வாசல் போன்ற இடங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் விலை கூட. சூட்டில் நன்றாக விரியும்: வெப்பம் 15 பாகை கூடினால் ஆறடி நீளத்தில் ஏறக்குறைய 2 மி.மீ. சட்டத்துக்குள் இறுக்கமாக வெட்டிப் பொருத்தினால் மதிய வெயிலில் நடுப்பகுதி வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். சுற்றிவர இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைத்தால் மங்கிப்போகும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

கண்ணாடியோ அக்ரிலிக்கோ, நம் ஊரில் பெரிய எதிரி ஈரம். வாவிக்காற்று ஒருபக்கம், ஒக்டோபருக்குப் பிறகு வரும் மாரி மறுபக்கம். தாள் ஓவியம் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணமும் பிடிக்கும். நடுவில் தடித்த மவுண்ட், அதாவது ஓவியத்தைச் சுற்றிவர வரும் அட்டைச் சட்டம், வைத்து இடைவெளி விடுவது கட்டாயம். பின்னால் ஹாட்போட் ஈரம் குடித்து நெளியும், தாளையும் பழுப்பாக்கும். பெயர்ப்பலகைக் கடையில் கிடைக்கும் நெளிவு பிளாஸ்டிக் தகடு நல்லது. கீழ் மூலைகளில் றப்பர் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினால் பின்பக்கம் காற்று போகும்.

கன்வஸில் வரைந்த ஓவியமா? அப்போ முன்னால் ஒன்றுமே போடாதீர்கள் என்பேன். எண்ணெய் வண்ணம் என்றால் ஆறு மாதமாவது காயவிட்டு, பிறகு வார்னிஷ். காசை கன்வஸை இழுத்துக் கட்டும் உள்சட்டத்தில் செலவழியுங்கள். இந்த அளவுக்கு நடுவில் குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் நீளச் சட்டங்கள் உள்ளே வளையும். மூலைகளில் ஆப்பு வைக்கும் விதமாகச் செய்தால், மாரியில் தொய்ந்த கன்வஸை ஆப்பை மெல்லத் தட்டி இறுக்கலாம். ஆணியடித்து ஒட்டிவிட்ட சட்டத்தில் அது நடக்காது. வெளிச்சட்டத்துக்கு யன்னல் செய்யும் கடையில் அலுமினியம் வெட்டி வாங்கலாம், கறையான் பயம் இல்லை. கொழும்புக் கண்காட்சிக்கு அனுப்புவதென்றால், நன்றாகக் காய்ந்த கன்வஸைக் கழற்றி, வண்ணப் பக்கம் வெளியே இருக்க அகலக் குழாயில் சுருட்டி அனுப்பலாம். மற்ற இரண்டு வழிகளிலும் அந்த வசதி கிடையாது.

கரிக்கோல், பஸ்டல் போன்ற தூள் உதிரும் ஓவியங்கள்தான் சிக்கலானவை. முன்னால் ஏதாவது போட்டேயாக வேண்டும். அக்ரிலிக்கைத் துடைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தூளைத் தாளிலிருந்து இழுத்துவிடும், ஆகவே கண்ணாடிதான். பாரத்துக்குப் பயந்தால், வரைய முன்பே மூன்றடிக்கு நாலடி அளவில் இரண்டு தாள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 3 மி.மீ. கண்ணாடி எட்டரைக் கிலோவுக்குள் வரும். மூன்றடிக் கதவால் நேராக உள்ளே போகும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடலாம்.