டேபிள் அமைப்பைப் பார்க்க எந்த டேட்டாபேஸில் எது வசதி?

மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுப்பவர்களுக்கு ஒரே டேட்டாபேஸோடு வேலை முடிவதில்லை. கணக்குப் பிரிவில் எஸ்க்யூஎல் சர்வர், பழைய கிடங்கு சாஃப்ட்வேரில் ஆரக்கிள், வாடிக்கையாளர் பார்க்கும் இணையதளத்துக்குப் பின்னால் மைஎஸ்க்யூஎல், சமீபத்தில் எழுதியது போஸ்ட்கிரஸ், கேட்டில் நிற்பவர் கையிலிருக்கும் கருவிக்குள் எஸ்க்யூஎல்லைட் என்று எல்லாம் ஒரே யார்டில் கிடக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டாவை நகர்த்தச் சொன்னால், முதலில் இரண்டு பக்கமும் டேபிள் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்னென்ன ஃபீல்ட், என்ன வகை, எத்தனை நீளம், காலியாக விடலாமா, ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் கீ எது.

இதற்குப் பொதுவான வழி ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள்: இன்ஃபர்மேஷன் ஸ்கீமா, அதாவது டேபிள், ஃபீல்ட் விவரங்களை க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போட்டே பார்க்க விடும் பகுதி. டேட்டாபேஸ்களிடம் பேசும் எஸ்க்யூஎல் மொழியின் எஸ்க்யூஎல்-92 தரநிலையிலேயே வந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றிலும் உண்டு. ஆரக்கிளில் கிடையாது, எஸ்க்யூஎல்லைட்டிலும் கிடையாது. இருக்கும் மூன்றிலும்கூட ஒரே க்வெரி அப்படியே ஓடிவிடும் என்று நம்ப வேண்டாம். மேற்கோள் குறி போடாத பெயர்களைப் போஸ்ட்கிரஸ் சின்ன எழுத்தாக மாற்றி வைத்துக்கொள்ளும். பெரிய எழுத்தில் தேடினால் ஒரு வரிகூட வராது. மைஎஸ்க்யூஎல்லில் ஸ்கீமா என்றாலே டேட்டாபேஸ்தான். அதை வடிகட்டாமல் தேடினால் அதே பெயருள்ள வேறு டேட்டாபேஸின் டேபிளும் சேர்ந்து வந்து நிற்கும். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் பற்றித் தரநிலை வாயே திறப்பதில்லை. ஃபீல்ட் பெயர்ப் பட்டியல் மட்டும் போதும் என்றால் இது போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அந்தந்த டேட்டாபேஸின் சொந்த வழிதான்.

சொந்த வழிகளில் எனக்கு முதலிடம் மைஎஸ்க்யூஎல்லின் 'ஷோ கிரியேட் டேபிள்'. டேபிளை உருவாக்கும் முழு ஆணையும் இண்டெக்ஸ், ஃபாரின் கீயோடு (வேறு டேபிளைச் சுட்டும் கீ) கிடைக்கும், அப்படியே எடுத்து வேறு சர்வரில் ஓட்டலாம். எல்லோரும் அடிக்கும் 'டிஸ்கிரைப்' சுருக்கமானது, ஆனால் அரைகுறை. ஒரே மதிப்பு பல வரிகளில் வரக்கூடிய இண்டெக்ஸ் இருக்கும் இடத்தில் 'மல்' (MUL) என்று மட்டும் போடும். அந்த இண்டெக்ஸில் இன்னும் எந்தெந்த ஃபீல்ட் சேர்ந்திருக்கிறது, எந்த டேபிளைச் சுட்டுகிறது என்பதெல்லாம் அதில் தெரியாது.

கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் என்றால் போஸ்ட்கிரஸின் 'பேக்ஸ்லாஷ் டி'யை (\d) அடித்துக்கொள்ள ஆளில்லை. இண்டெக்ஸ், கட்டுப்பாடுகள் எல்லாம் வரும். கடைசியில், இந்த டேபிளை எந்தெந்த டேபிள் நம்பியிருக்கிறது என்றும் சொல்லும். ஒரு ஃபீல்டை நீக்கப் போகிறவருக்கு அந்தக் கடைசிப் பகுதி தங்கம். ஆனால் இது பிஎஸ்க்யூஎல் என்ற கருவியின் கட்டளை, சர்வருக்குத் தெரியாது. பிஎஸ்க்யூஎல்லைப் பெரிய எழுத்து 'ஈ' விருப்பத்தோடு திறந்தால், பின்னால் ஓடும் உண்மையான க்வெரியைக் காட்டும், அதை எடுத்து நம் நிரலில் வைத்துக்கொள்ளலாம். 'ஷோ கிரியேட் டேபிள்' மாதிரி ஒன்று இங்கே இல்லாதது பெரிய குறை. டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி டம்ப் கருவியை, ஸ்கீமா (அமைப்பு) மட்டும் என்று ஓட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆரக்கிளிலும் 'டிஸ்க்' (டிஸ்கிரைப்பின் சுருக்கம்) உண்டு. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் கேட்கும் கேள்வியும் உண்டு: "அண்ணே, எஸ்க்யூஎல் பிளஸ்ல ஓடுது, ஜாவால ஓடலியே?" ஓடாது. அதுவும் எஸ்க்யூஎல் பிளஸ் என்ற கருவியின் கட்டளைதான். நிரலிலிருந்து கேட்பதென்றால் 'ஆல் டேப் காலம்ஸ்' (ALL_TAB_COLUMNS) என்ற ஃபீல்ட் பட்டியல் பக்கம் போக வேண்டும். 'யூசர்' என்று தொடங்குவது நம் டேபிள்களை மட்டும் காட்டும், 'ஆல்' நமக்கு அனுமதி உள்ளதையெல்லாம் காட்டும், 'டிபிஏ' எல்லாவற்றையும் காட்டும். பெயரைப் பெரிய எழுத்தில் தேட வேண்டும், போஸ்ட்கிரஸுக்கு நேர் எதிர். முழு ஆணை வேண்டுமென்றால் 'டிபிஎம்எஸ் மெட்டாடேட்டா'வில் 'கெட் டிடிஎல்' இருக்கிறது, அருமையானது. எஸ்க்யூஎல் பிளஸில் 'செட் லாங்' அளவைக் கூட்டாமல் ஓட்டினால் மட்டும் முதல் 80 எழுத்தோடு வெட்டிவிடும்.

நீளம் விஷயத்தில்தான் இவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழி பேசுவார்கள். தமிழில் முகவரி வைக்கும் நமக்கு இது நேரடித் தலைவலி. 'ராயபுரம்' என்று எழுதினால் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 8 குறிகள், யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 24 பைட். ஆரக்கிளில் வழக்கமான அமைப்பில் வார்சார்2(20) என்றால் 20 பைட். ராயபுரம் அதில் உட்காராது, ஓஆர்ஏ-12899 என்று எர்ரர் வரும். 'டிஸ்க்' வெறும் 20 என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். 'ஆல் டேப் காலம்ஸ்'இல் 'சார் யூஸ்ட்' என்ற ஃபீல்டில் பி இருந்தால் பைட், சி இருந்தால் யூனிகோட் குறி. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் இரண்டிலும் 20 என்றால் 20 குறிகள்தான், அங்கே ராயபுரம் தாராளமாக உட்காரும்.

எஸ்க்யூஎல் சர்வர் வேறு விதமாகக் குழப்பும். கன்டெய்னர் எண் எப்போதும் 11 எழுத்து: முன்னால் 4 ஆங்கில எழுத்து, பின்னால் 7 இலக்கம். அதை என்வார்சார்(11) என்று வைத்துவிட்டு, டேபிள் விவரம் காட்டும் 'எஸ்பி ஹெல்ப்' அடித்தால் நீளம் 22 என்று வரும். அது பைட் கணக்கு, எழுத்துக்கு 2 பைட். அதன் சொந்த ஃபீல்ட் பட்டியலான 'சிஸ் காலம்ஸ்'ஸும் 22 என்றுதான் சொல்லும். இன்ஃபர்மேஷன் ஸ்கீமா மட்டும் 11 என்கிறது. இந்த ஒரு இடத்தில் எனக்குப் பொது வழியே பிடிக்கிறது. 22ஐ அப்படியே நம்பி மறுபக்கம் டேபிள் கட்டினால், தப்பான எண்ணைத் தடுக்க வேண்டிய ஃபீல்ட் இரண்டு கன்டெய்னர் எண்ணைச் சேர்த்துப் போட்டாலும் விழுங்கிவிடும். மற்றபடி, எஸ்க்யூஎல் சர்வரின் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ கருவியில் டேபிள் பெயரைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், எஃப்1 இரண்டையும் அழுத்தினாலே 'எஸ்பி ஹெல்ப்' ஓடிவிடும். வேகத்தில் இதை மிஞ்ச எதுவுமில்லை.

எஸ்க்யூஎல்லைட்டில் 'பிராக்மா டேபிள் இன்ஃபோ' இருக்கிறது, அது ஃபீல்டுகளைப் பட்டியலிடும், ஆனால் நான் டேபிளை உருவாக்கிய ஆணையைக் காட்டும் 'டாட் ஸ்கீமா'தான் பார்ப்பேன். டேபிளை உருவாக்கியவர் ஆணைக்குள் எழுதிய குறிப்புகள்கூட அப்படியே இருக்கும். ஆனால் அங்கே வார்சார்(11) என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த 11ஐ எஸ்க்யூஎல்லைட் கண்டுகொள்வதே இல்லை, ஐம்பது எழுத்தையும் வாங்கிக்கொள்ளும். அதனால் அமைப்பைப் பார்த்த கையோடு உள்ளே இருக்கும் டேட்டாவின் அதிகபட்ச நீளத்தையும் ஒரு க்வெரி போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் அனுமதி விஷயம். வாடிக்கையாளர் கொடுக்கும் ரீட் ஒன்லி யூசரில் நுழைந்து, டேபிளே இல்லை என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது. இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவும் ஆரக்கிளின் 'ஆல்' வகையும் நமக்கு உரிமையுள்ளதை மட்டும் காட்டும். போஸ்ட்கிரஸில் அதன் சொந்த விவரப் பட்டியலான 'பிஜி கேட்டலாக்' பக்கம் போனால் உரிமை இல்லாத டேபிளின் பெயரும் ஃபீல்டுகளும் தெரியும், உள்ளே இருக்கும் டேட்டா மட்டும் வராது. எஸ்க்யூஎல் சர்வரில் அந்த வழி அடைபட்டிருக்கும். 'வியூ டெஃபினிஷன்' அனுமதி வேண்டும் என்று பெயர் சொல்லியே அவர்களிடம் கேளுங்கள். பொதுவாக 'எல்லா ஆக்சஸும் கொடுங்க' என்று மெயில் போட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.